சொங்கியும் ஒரு எல்.ஈ.டி. பல்பும்

பொட்டி தட்டுற பயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்குறீங்களா? போன தை மாசம் வரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. குழம்புல பாத்ததோட சரி.

அக்காவுக்குப் பிரசவம்னு அப்பாவும் அம்மாவும் சென்னைக்குக் கிளம்பிட்டாங்க. ஊர்ல அப்பத்தா தனியா இருக்கும். "நீதான் வீட்ல இருந்தே வேலை பாக்குறியே, அதை இங்க வந்து பாரு"ன்னு அம்மா சொல்ல, மேனேஜர் கால்ல விழாத குறையா மூணு வாரம் பெர்மிஷன் வாங்கி, உசிலம்பட்டி பக்கம் இருக்குற எங்க ஊருக்கு லேப்டாப்பும் கையுமா வந்து எறங்கினேன்.

அப்பத்தாகிட்ட ஒரு நாட்டுக்கோழி இருந்துச்சு. 21 நாள் அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரிச்சு மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. அப்பத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அதனால பொழுது சாஞ்சதும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துல கவுக்குறது என் வேலை. "கவுத்துட்டு மேல கல்லத் தூக்கி வைய்யா. வெருகு திரியுது"ன்னு தினமும் சொல்லும். தினமும் வைப்பேன்.

அன்னைக்கு மட்டும் பஞ்சாரத்தைக் கவுக்கவும் மீட்டிங்குக்குக் கூப்பிடவும் சரியா இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல வந்து வைக்கலாம்னு போனவன், ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வெளிய வந்தேன். பஞ்சாரம் ஒருக்களிச்சுக் கெடக்கு. முத்தம் பூரா றெக்கை. தாய்க்கோழியைக் காணோம்.

டார்ச்சை வெச்சுக்கிட்டு ஆட்டுக்கல் சந்து, வெறகுக் கட்டு எல்லாம் தேடி ஒன்பது குஞ்சையும் பொறுக்கிட்டோம். "கல்லு வெச்சியாய்யா?"ன்னு அப்பத்தா கேட்டுச்சு. "வெச்சேன் அப்பத்தா, தள்ளி விட்டுருக்கும்"னேன். வாய்ல சட்டுன்னு வந்துருச்சு. அது ஒண்ணும் சொல்லலை.

சரி, செஞ்ச பாவத்துக்குப் பரிகாரமா குஞ்சுகளை நாமளே வளத்துருவோம்னு களத்துல எறங்கினேன். நாமதான் எலக்ட்ரிகல் இன்ஜினியராச்சே! (நாலு வருஷப் படிப்பு, ஏழு அரியர். அது வேற கதை.) டி.வி. வந்த அட்டைப்பெட்டி ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அடியில உமி பரப்பி, ஒயர் இழுத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, ஒரு கிண்ணத்துல குருணை, இன்னொண்ணுல தண்ணி. பெட்டி பளபளன்னு மின்னுச்சு. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்ல கூடப் போட்டேன்.

காலைல பாத்தா ஒரு குஞ்சு செத்துக் கெடக்கு. இன்னொண்ணு அதுமேலயே சாஞ்சு கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, றெக்கை ரெண்டும் தரையில படுற மாதிரி நிக்குது. தொட்டாக்கூட நகரலை. மத்த ஏழும் ஒரு மூலைல ஒண்ணுமேல ஒண்ணு ஏறி 'கீச் கீச்'னு கத்திக்கிட்டு இருக்கு.

அப்பத்தா வந்து குத்தவெச்சு உக்காந்து அந்தக் குஞ்சை உள்ளங்கைல எடுத்துச்சு. காலைத் தன் கன்னத்துல வெச்சுப் பாத்துச்சு.

"ஏய்யா... ஐஸு மாதிரி இருக்கேடா காலு. வெளக்கு எரியுதுல்ல?"

"எரியுதே அப்பத்தா."

பெட்டிக்குள்ள கையை விட்டுச்சு. பல்பைத் தொட்டுச்சு. சாவகாசமாப் புடிச்சுக்கிட்டே கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி.. "சுடவே இல்லையேடா?"

எனக்கு அப்பதான் மண்டையில உறைச்சுச்சு. நான் மாட்டுனது 9 வாட் எல்.ஈ.டி. பல்பு! கரண்டு மிச்சம் ஆகுறதே அது அவ்வளவா சூடாகாம வெளிச்சம் குடுக்குறதாலதான். பழைய குண்டு பல்பு வாங்குற கரண்டுல முக்காவாசிக்கு மேல சூடாத்தான் வெளிய விடும். வெளிச்சத்துக்கு அது தண்டம், கோழிக்குஞ்சுக்கு அதுதான் தாய். பரிட்சைல கேட்டா ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன். தை மாசப் பனில ஒன்பது உசுருக்கு டியூப்லைட் காட்டுன மாதிரி வேலை பாத்திருக்கேன். அந்தக் குஞ்சைக் கொன்னது வெருகு இல்லை, நான்தான்.

பைக்கை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனேன். மூணாவது கடைலதான் தூசி தட்டி 60 வாட் குண்டு பல்பு ரெண்டு எடுத்துக் குடுத்தாரு. வர்றதுக்குள்ள அப்பத்தா அந்தக் குஞ்சை முந்தானைக்குள்ள வெச்சு அணைச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு.

"சீனித்தண்ணி குடுக்கவா?"

"மொதல்ல ஒடம்பு சூடாகட்டும். குளுந்த வயித்துல போட்டா செமிக்காது."

இது நூத்துக்கு நூறு சரின்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம்தான் தீனி. பொரிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுதான் குஞ்சு வெளிய வருது. அந்த ஸ்டாக் ரெண்டு மூணு நாள் தாங்கும். நம்மாளுக்கு அது முடியுற நேரம், சூடும் இல்லை, தின்னவும் இல்லை. அதான் சொங்கிப் போச்சு. அதனால அதுக்கு 'சொங்கி'ன்னே பேர் வெச்சாச்சு.

ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில ஒரு ஸ்பூன் சீனியைக் கரைச்சு, விரல் நுனியில தொட்டு அலகோட ஓரத்துல வெச்சேன். வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்ல போயிரும். ஒரு சொட்டு வெச்சா அதுவா நாக்கை ஆட்டி முழுங்கணும். முதல் மூணு சொட்டு அப்படியே வழிஞ்சு போச்சு. நாலாவது சொட்டுக்குத் தலையைத் தூக்கி முழுங்குச்சு. முதல் சம்பளம் வந்தப்பக்கூட எனக்கு அவ்ளோ சந்தோசம் வரலை.

மத்தியானம் பாத்தா இன்னொரு பிரச்சினை. பின்பக்கம் எச்சம் காஞ்சு ஒட்டி, வாசலையே அடைச்சிருந்துச்சு. குளுர்ல வாடுன குஞ்சுக்கு இது வருமாம். அப்படியே விட்டா வெளிய போக முடியாம செத்துரும். நான் பிச்சு எடுக்கப் போனேன். அப்பத்தா கையைத் தட்டிவிட்டுச்சு. பிச்சா தோலோட வந்துருமாம். வெந்நில பஞ்சை நனைச்சு ஒத்தி ஒத்தி, ஊறவெச்சு எடுத்து, ஈரத்தைத் தொடைச்சு, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவணும். அதுக்குக் கீழ வயித்துல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு இருக்கும். அது தொப்புள், அதைத் தொடவே கூடாது. கண்ணு தெரியாத அப்பத்தா விரலால தடவியே எது எதுன்னு சொல்லுது.

பெட்டியையும் மாத்தினோம். பல்பை நடுவுல தொங்கவிடாம ஒரு ஓரமா, அட்டைல படாம ஒரு அடி உயரத்துல கட்டினேன். அப்பதான் சூடு வேணுங்கறது கிட்ட வரும், வேணாங்கறது தள்ளிப் போகும். முதல் வாரம் 35 டிகிரி இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி மாதிரி குறைக்கலாம். அளக்கலாம்னு வீட்ல இருந்த டிஜிட்டல் காய்ச்சல் மானியைப் போட்டா 'லோ'ன்னே காட்டுது! அப்பத்தா சிரிச்சுச்சு. "அதுகளையே பாருடா. வெளக்குக்குக் கீழ அண்டிக்கிட்டுக் கத்துனா குளுரு. தள்ளிப்போயி வாயத் தொறந்து எளைச்சா சூடு. பரவிப் படுத்தா சரி." இதைவிட நல்ல மானிட்டரிங் டூல் எங்க கம்பெனில கூடக் கிடையாது.

தண்ணிக் கிண்ணத்துல கூழாங்கல் போட்டு வெச்சோம், குஞ்சு விழுந்து நனையாம இருக்க. அன்னைக்கு ராத்திரி மணிக்கு ஒருதடவை எந்திரிச்சு சொட்டு சொட்டாக் குடுத்தேன். ரெண்டு மணி வாக்குல கரண்டு போச்சு. வெந்நியைப் பாட்டில்ல ஊத்தி, பழைய கைலியைச் சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சுட்டு, சொங்கியைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுத் திண்ணைல உக்காந்தேன். நெஞ்சுல குட்டியா ஒரு துடிப்பு, என்னோடதைவிட ரொம்ப வேகமா.

அப்பத்தாவும் தூங்கலை. பக்கத்துல வந்து உக்காந்துச்சு. இருட்டுல மொகம் தெரியாததால தைரியம் வந்துச்சு போல.

"அப்பத்தா... அன்னைக்கு நான் கல்லு வைக்கலை."

"தெரியும்யா. வெடிஞ்சதும் தடவிப் பாத்தேன். கல்லு திண்ணையில வெச்ச எடத்துலயே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா கோழி வருமா? குஞ்சப் பாருன்னு விட்டுட்டேன்."

அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசலை. நாலு மணிக்குக் கரண்டு வந்துச்சு. சட்டைக்குள்ள கையை விட்டா சொங்கி என் விரலைக் கொத்துச்சு. வலிக்கவே இல்லை, ஆனா கண்ணு கலங்கிருச்சு.

ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்துல வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ல விடுற லசோட்டா சொட்டு மருந்து போட்டோம். சொங்கி இன்னும் தேறலைன்னு டாக்டர் அதுக்கு மட்டும் தள்ளிப் போட்டாரு, அப்புறமா போட்டுக்கிட்டோம். இப்ப எட்டும் நல்லா இருக்கு. சொங்கி மத்ததைவிடக் கொஞ்சம் குட்டைதான். ஆனா தீனிக்கு முதல்ல ஓடி வர்றது அதுதான்னு அப்பத்தா போன்ல சொல்லுச்சு.

நான் பெங்களூரு திரும்பிட்டேன். தினமும் சாயங்காலம் மீட்டிங்குக்கு முன்னாடி ஊருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். கல்லு வெச்சாச்சா?

"வெச்சாச்சுடா, நீ ஒன் சோலியப் பாரு"ன்னு அப்பத்தா போனை வெச்சுரும்.