ஒரே சேஸிஸ், மூன்று உடல்கள்

பிரான்ஸின் கிழக்கு மூலையில், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஊர் மூலூஸ். ஸ்ட்ராஸ்பூர்கில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வழிநெடுக வலப்பக்கம் வோஜ் மலைத்தொடர் கூடவே வருகிறது. அதன் அடிவாரச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். சுற்றுலாப் பயணிகளில் பலர் பாதி வழியில் கோல்மாரில் இறங்கிக்கொள்கிறார்கள். மரச்சட்டமிட்ட பழைய வீடுகளும் வாய்க்கால்களும் அங்கே அவர்களை இழுக்கின்றன. என்னை இழுத்தது மூலூஸின் பழைய நூற்பாலை ஒன்று. இன்று அது பிரான்ஸின் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகம். 400க்கும் மேற்பட்ட கார்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை புகாட்டிகள். உலகில் வேறெங்கும் ஒரே கூரையின் கீழ் இத்தனை புகாட்டிகள் கிடையாது.

அவற்றில் நான் பார்க்க விரும்பியவை இரண்டாம் உலகப் போருக்கு முன் தனித்தனியாகப் பாடி கட்டப்பட்ட கார்கள். நம்மூரில் பஸ் முதலாளிகள் கம்பெனியிலிருந்து சேஸிஸை மட்டும் வாங்கி வந்து கரூரில் பாடி கட்டுவார்கள். 1920களிலும் 30களிலும் ஐரோப்பியச் செல்வந்தர்கள் கார் வாங்கியதும் இதே முறையில்தான். புகாட்டி, ஹிஸ்பானோ-சுயிசா, ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற கம்பெனிகள் எஞ்சின், ரேடியேட்டர், சக்கரங்களோடு சேஸிஸை விற்றன. அதற்குமேல் என்ன வர வேண்டும் என்பதை வாங்கியவரும் பாடி கட்டுபவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பாரிஸில் கெல்னர், பிண்டர், ஃபிகோனி, லண்டனில் பார்க் வார்டு, ம்யூனிக்கில் வைன்பெர்கர் என்று ஒவ்வொரு நகரத்திலும் பேர்பெற்ற பட்டறைகள் இருந்தன. அவற்றில் பல, குதிரை வண்டி கட்டிய குடும்பங்களிடமிருந்து வந்தவை.

வேலை நடந்த விதம் இது. முதலில் காரின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைவார்கள். அதைப் பார்த்துத் தச்சர்கள் ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு போல ஒரு சட்டகம் செய்வார்கள். ஆஷ் மரம் வளையும், அதிர்வையும் தாங்கும். பிறகு டிங்கரிங் ஆட்களின் முறை. அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழியாக்குவார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்டி வழவழப்பாக்குவார்கள். சட்டகத்தின் மேல் பொருத்திப் பார்த்து, சரியில்லையென்றால் கழற்றி மறுபடி தட்டுவார்கள். அதன் பிறகு பெயிண்ட்: ஒரு பூச்சு, தேய்ப்பு, இன்னொரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. கடைசியில் சீட் தைப்பவர்கள் குதிரை முடி திணித்துத் தோல் போர்த்துவார்கள். ஒரு கார் முடிய மாதங்கள் ஆகும். அடுத்து வருவது அதே மாதிரி இருக்காது.

மூலூஸ் ரயில் நிலையத்திலிருந்து டிராம் நேராக அருங்காட்சியகத்துக்குப் போகிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுபவை விளக்குக் கம்பங்கள். பாரிஸில் சேன் நதியின் மேலுள்ள மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தின் விளக்குகளை மாதிரியாக வைத்துச் செய்தவை, நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே சரளைக் கற்கள் பரப்பிய பாத்திகளில் கார்கள். பந்தயக் கார்கள், குடும்பக் கார்கள், தொடக்க கால நீராவி வண்டிகள் எல்லாவற்றையும் கடந்து, வெளிச்சம் குறைந்த தனிக்கூடத்துக்குள் போனால் ராயல்கள் நிற்கின்றன.

புகாட்டி டைப் 41, ராயல். எட்டோரே புகாட்டி அரசர்களுக்கென்று நினைத்துச் செய்த கார். 12.7 லிட்டர் கொள்ளளவு, ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய 300 குதிரைத்திறன். நீளம் 6 மீட்டரைத் தாண்டும், எடை 3 டன். 25 கார்கள் செய்வது திட்டம். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. கடைசியில் உருவானவை 6 தான். அவற்றிலும் 3 மட்டுமே வெளியாருக்கு விற்றன. எந்த அரசரும் வாங்கவில்லை.

அந்த ஆறில் இரண்டு இங்கே இருக்கின்றன. முதலாவது ‘கூப்பே நெப்போலியன்’, எட்டோரே தனக்கென்று வைத்திருந்த கார். அதன் வடிவம் அவருடைய மகன் ழான் வரைந்தது. டிரைவர் இருக்கை திறந்தவெளியில், முதலாளியின் அறை கண்ணாடிக்குள். பானெட் மட்டுமே ஓர் ஆள் நீளத்தைத் தாண்டுகிறது. கறுப்பும் நீலமும் கலந்த பெயிண்ட். முன் மட்கார்டில் மேலெழும் கோடு, இறங்கி, ஃபுட்போர்டாகப் படுத்து, பின் சக்கரத்தின் மேல் மறுபடி எழுகிறது. நான் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கின் பிரதிபலிப்பு அதன் மேல் ஓரிடத்திலும் உடையாமல் முன்னிருந்து பின்வரை ஓடுகிறது. தகட்டில் நூலிழை அளவுக்கு மேடுபள்ளம் இருந்தாலும் அந்த வெளிச்சம் நெளிந்திருக்கும். இத்தனை நீளத்துக்குக் கையால் தட்டிய ஒருவர் அந்தப் பிழைக்கு இடம் கொடுக்கவில்லை.

ரேடியேட்டர் மூடியின் மேல், பின்னங்கால்களில் எழுந்து தும்பிக்கை தூக்கி நிற்கும் ஒரு யானை. எட்டோரேயின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி விலங்குச் சிற்பங்களுக்குப் பேர்பெற்ற பெரிய சிற்பி. 1916இல், 31 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் செய்த யானையைத் தன் ஆகப் பெரிய காரின் நெற்றியில் அண்ணன் வைத்தார்.

இரண்டாவது ராயல், பார்க் வார்டு லிமோசின். 1933இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கேப்டன் ஃபாஸ்டர் வாங்கி, லண்டனில் பாடி கட்டச் சொன்னது. நிமிர்ந்த கூரை, நேரான ஜன்னல்கள், அடக்கமான கறுப்பு. ரேடியேட்டரை மறைத்துவிட்டுப் பார்த்தால் ரோல்ஸ்-ராய்ஸ் என்றே சொல்வோம்.

மூன்றாவது, எஸ்டேர்ஸ் ரோட்ஸ்டர். அர்மான் எஸ்டேர்ஸ் என்ற ஜவுளி வணிகருக்காக 1932இல் ழான் புகாட்டி வடிவமைத்தது. அப்போது ழானுக்கு வயது 23. இரவில் காரோட்டுவதில்லை என்று எஸ்டேர்ஸ் சொல்லிவிட்டதால் ஹெட்லைட்டே வைக்கவில்லை. முன்பக்கத்தில் பார்வையைத் தடுக்க எதுவும் இல்லாமல், மட்கார்டுகள் அலைபோல் பின்னோக்கி ஓடுகின்றன. பின்னாளில் வேறொருவர் கைக்குப் போனபோது அந்தப் பாடியைக் கழற்றிவிட்டு பிண்டர் பட்டறையில் வேறு பாடி கட்டினார்கள். மூலூஸில் நிற்பது, எஞ்சியிருந்த உதிரிப் பாகங்களையும் பழைய படங்களையும் வைத்து மறுபடி உருவாக்கிய பிரதி. பிரதி என்று தெரிந்தே பார்த்தாலும் அதன் அழகு குறையவில்லை.

மூன்றுக்கும் அடியில் ஒரே சேஸிஸ், ஒரே எஞ்சின். ஆனால் ஒன்று கம்பீரம், ஒன்று அடக்கம், ஒன்று துள்ளல். இந்தக் கார்களைப் பற்றிய புத்தகங்கள் எஞ்சினையும் விலையையும் வாங்கியவர் பெயரையும் விரிவாகப் பேசுகின்றன. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, காருக்குக் குணத்தைக் கொடுத்தவர்கள் வரைந்தவரும் தட்டியவர்களும்தான் என்பது எனக்கு உறுதியானது. வரைந்தவர் பெயர் நமக்குத் தெரியும். தட்டியவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

தொழிலாளர் கதை அத்தோடு முடியவில்லை. இந்தக் கார்களைச் சேர்த்தவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற ஷ்லும்ப் சகோதரர்கள். மூலூஸ் இருக்கும் அல்சாஸ் பகுதியில் கம்பளி நூற்பாலைகள் நடத்தியவர்கள். 1960களில் ஃபிரிட்ஸ், புகாட்டி என்றால் எங்கிருந்தாலும் வாங்கினார். அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் என்ற சேகரிப்பாளரிடமிருந்து 1964இல் 30 புகாட்டிகளை ஒரே வீச்சில் வாங்கினார். பார்க் வார்டு லிமோசின் அதில் வந்ததுதான். கார்களை மூலூஸ் ஆலைக்குள் வைத்து, தனி மெக்கானிக்குகளைக் கொண்டு புதுப்பித்தார். வெளியார் பார்க்க முடியாது. 1970களில் ஜவுளித் தொழில் நலிந்தது, ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் வந்தது. சகோதரர்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் ஆலைக்குள் புகுந்தபோது, தங்கள் முதலாளிகள் எதில் பணத்தைக் கொட்டியிருந்தார்கள் என்பதை நேரில் கண்டார்கள்.

அவர்கள் அந்த ஆலையைக் கார்களோடு கைப்பற்றி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சு அரசு 1978இல் இந்தத் தொகுப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. துண்டு துண்டாக ஏலம் போய் நாடு கடந்திருக்க வேண்டிய கார்கள் அதனால் ஒன்றாக நிலைத்தன. 1982இல் தேசிய அருங்காட்சியகம் திறந்தது. கார் சேர்த்த ஷ்லும்பின் ரசனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் வாங்கியிருக்காவிட்டால் இவற்றில் பல சிதறியிருக்கும். ஆனால் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போய் இவற்றின் முன் நிற்க முடிகிறதென்றால், அந்தக் கதவைத் திறந்தவர்கள் வேலையிழந்த நூற்பாலைத் தொழிலாளர்கள். என் நன்றி முதலில் அவர்களுக்கு.

கையால் பாடி கட்டும் கலை ஏன் அற்றுப்போனது என்பதற்கான விடையும் இந்தக் கூடத்திலேயே இருக்கிறது. 1934இல் சிட்ரோயன், ‘டிராக்சியோன் அவான்’ காரைக் கொண்டுவந்தது. அதில் தனி சேஸிஸ் கிடையாது. பெரிய அச்சுகளில் அழுத்திய எஃகுத் தகடுகளை வெல்டு செய்த கூடே காரின் உடல். சேஸிஸே இல்லையென்றால் பாடி கட்டுபவருக்கு அங்கே என்ன வேலை? பின்னால் போர் வந்தது. போருக்குப் பின் பெரிய எஞ்சின்களுக்குப் பிரான்ஸ் கடும் வரி போட்டது. பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ழான் புகாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். 1939 ஆகஸ்ட் 11 அன்று அல்சாஸின் மோல்சைம் ஊருக்கு அருகே பந்தயக் காரைச் சோதித்து ஓட்டியபோது விபத்தில் இறந்தார். வயது 30.

ராயலின் எஞ்சின்கள் மட்டும் வீணாகவில்லை. விற்காமல் போனவற்றை எட்டோரே ரயில் வண்டிகளில் பொருத்தினார். அன்றைய பிரான்ஸின் அதிவேக ரயில்பெட்டிகள் அவை. அவற்றில் ஒன்று இதே மூலூஸில், ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கார்களைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள். அரசர்கள் வாங்காத எஞ்சின் கடைசியில் பொதுஜனங்களைச் சுமந்து ஓடியது.

பாசெலுக்கோ ஸ்ட்ராஸ்பூர்குக்கோ போகிறவர்கள் மூலூஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கார்களின் முன் நின்று படமெடுப்பதற்கு முன் கொஞ்சம் குனியுங்கள். பல கார்களில் கதவுக்குக் கீழே, பாடியின் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு சிறு தகடு இருக்கும். பாடி கட்டிய பட்டறையின் பெயரும் ஊரும் அதில் பொறித்திருக்கும். பானெட்டில் இருக்கும் கம்பெனியின் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். அந்தக் கார் யார் கையால் அழகானது என்பதைச் சொல்ல அங்கே மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அது.