விளக்கை அணைக்கும் வேளை

பிழைப்பைத் தேடிக் கடற்கரை ஊரைவிட்டு ஓசூருக்கு வந்தவர்களுள் நாமும் ஒருவர். வந்த புதிதில் நம்மைத் திகைக்க வைத்தவை இரண்டு. ஒன்று, மார்கழிக் குளிர். மற்றொன்று, இரவின் வெளிச்சம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் லாரிகள் ஓய்வதில்லை. தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டுகளுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வேறு. ஒவ்வொன்றும் தன் முகப்பு விளக்கை முழு வீச்சில் எரியவிட்டே வரும். முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம் தீட்டிவைக்கும் பழைய வழக்கத்தின் நோக்கம் என்னவென்று இன்று எத்தனை ஓட்டுநர்களுக்குத் தெரியுமோ, நாம் அறியோம்.

சென்ற ஆண்டு, நம் சகோதரியின் மகன் விடுப்பில் வந்திருந்தான். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், இறங்கி வரும் விமானங்களுக்குத் தரையில் நின்று வழிகாட்டும் பணி அவனுக்கு. இரு கைகளிலும் ஒளிரும் கோல்களை ஏந்தி, இடம், வலம், நில் என்று சைகை காட்டுபவன். ஊருக்கு வந்தும் விமான ஆசை விடவில்லை போலும். "மாமா, பெலகொண்டப்பள்ளி ஓடுதளத்தைப் பார்த்துவிட்டு வருவோமா?" என்றான். அஸர் தொழுதுவிட்டுத் தளி சாலையில் காரில் புறப்பட்டோம்.

அந்த ஓடுதளம் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குரியது. நீளம் ஏறத்தாழ 7,000 அடி. இத்தாலி நாட்டுப் பார்ட்டனேவியா வடிவமைப்பில் ஆறு இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களை 1990களில் இங்கே கட்டினார்கள். ராகியும் ரோஜாவும் விளையும் நிலத்துக்கு நடுவே இப்படி ஒன்று இருப்பதை ஓசூர்வாசிகளிலேயே பலர் அறியார். நாம் சுவருக்கு வெளியே நின்றதோடு சரி. விமானம் எதுவும் அசையவில்லை. எனினும் அவன் நின்று பேசிக்கொண்டே இருந்தான். நாமும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விமானத்தின் இடச் சிறகின் நுனியில் சிவப்பு விளக்கு, வலச் சிறகில் பச்சை, வாலில் வெள்ளை. இவை கப்பலிலிருந்து வந்த வழக்கம் என்றான். மரக்கலம் ஓட்டிய மரபினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில் எதிரே தெரிவது சிவப்பா பச்சையா என்பதைக் கொண்டே அது எத்திசையில் செல்கிறது என்று சொல்லிவிடலாம். உடலின் மேலும் கீழும் சிமிட்டும் சிவப்பு விளக்கொன்று உண்டு. எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே அது எரிய வேண்டும். எஞ்சின் நிற்கும்வரை அணையக் கூடாது. 'அருகே வராதே' என்று தரையில் உள்ளவர்களுக்குச் சொல்வது அது. சிறகு நுனிகளில் மின்னலெனப் பளிச்சிடும் வெள்ளை விளக்குகளோ ஓடுதளத்துக்குள் நுழையும்போது ஏற்றப்படுகின்றன. ஓடுதளத்தை விட்டு விலகியதும் அணைக்கப்படுகின்றன.

இவற்றையெல்லாம்விட நம் உள்ளத்தைத் தொட்டது, தரையில் ஊர்ந்து செல்லும்போது முன்னே பாய்ச்சும் விளக்கைப் பற்றி அவன் கூறியதுதான். விமானம் நகரும்போது அது எரியும். வழிவிட்டு நிற்கும்போது நல்ல விமானி அதை அணைத்துவிடுவான். எதிரே மற்றொரு விமானத்தின் ஓட்டுநர் அறை இருந்தாலும், வழிகாட்டுபவன் நின்றாலும் அணைத்துவிடுவான். அணைந்த விளக்கு, 'நான் நிற்கிறேன், நீ செல்லலாம்' என்று மற்றவருக்குச் செய்தியும் சொல்கிறதாம். நம் கண் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுப்பதற்கு ஒரு நொடி வெளிச்சம் போதும்.

மஃரிபை வழியிலிருந்த பள்ளியில் தொழுதுவிட்டுத் திரும்பினோம். சாலை குறுகலானது. எதிரே ஒரு வேன் வந்தது. நாம் விளக்கைத் தாழ்த்தவில்லை. அதுவும் தாழ்த்தவில்லை.

"மாமா, டிம் போடுங்கள்" என்றான் அவன். குரலில் இருந்த நடுக்கம் நமக்கு விளங்கவில்லை. சற்றுப் பொறுத்து, தன் இடக்கை மணிக்கட்டை வெளிச்சத்தில் காட்டினான். தையல் போட்ட தழும்பு.

ஓரிரவு, நிறுத்துமிடத்துக்குத் திரும்பிய விமானமொன்றின் விளக்கு அணைக்கப்படாமலே அவன் முகத்துக்கு நேராக வந்ததாம். கண்முன் வெண்மையன்றி வேறெதுவும் தெரியவில்லை. சிறகு எங்கே, சக்கரம் எங்கே என்று அறியாமல், கோல்கள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து 'நில்' என்றான். விமானம் நின்றது. பின்னால் காலெடுத்து வைத்தவன், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையில் இடறி விழுந்தான். எலும்பு முறிந்தது. இறங்கி வந்த விமானி முதலில் கேட்டது, "என் விளக்கா?" என்பதுதானாம். "அந்த ஒரு கேள்விக்காகவே அவரை மன்னித்துவிட்டேன், மாமா" என்றான்.

"அப்படியானால் தரையில் இருக்கும்வரை எல்லா விளக்குகளையும் அணைத்துவிடலாமே?" என்று கேட்டோம். அவன் மறுத்தான். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்ததை எடுத்துரைத்தான். முன்னிரவில், புறப்பட அனுமதி வேண்டி ஒரு சிறு விமானம் ஓடுதளத்தின் மேலேயே காத்து நின்றது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் அதை மறந்து, பெரிய விமானமொன்றை அதே ஓடுதளத்தில் இறங்கச் சொல்லிவிட்டார். சிறு விமானத்தின் பளிச்சிடும் வெள்ளை விளக்குகள் எரியவில்லை. புறப்படும் அனுமதி கிடைத்த பின்னரே அவற்றை ஏற்றுவது அந்த நிறுவனத்தின் முறையாக இருந்தது. மற்ற சிறு விளக்குகளோ ஓடுதள விளக்குகளோடு கலந்துபோயின. மாண்டவர் 35 பேர். அமெரிக்காவில் இன்றுள்ள வழிகாட்டுதலின்படி, ஓடுதளத்தில் நுழைந்ததுமே, தரையிறங்கும் பெருவிளக்கு நீங்கலாக மற்றவை யாவும் எரிய வேண்டும். புறப்பட அனுமதி வந்ததும் பெருவிளக்கும் எரிய வேண்டும்.

ஆக, நம்மைப் பிறர் காண்பதற்கென்று ஒரு விளக்கு, நாம் பிறவற்றைக் காண்பதற்கென்று ஒரு விளக்கு. முதலாவதை அணைத்தால் உயிர் போகும். இரண்டாவதை உரிய இடத்தில் அணைக்காவிட்டாலும் போகும். இந்த நுட்பம் அரைகுறையாகவேனும் சாலைக்கும் வந்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் தானாகவே எரிகிறது. ஓசூரில் செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். பகலில் எரிவதேன் என்று நாமே ஒருமுறை கேலி பேசியதுண்டு.

அவன் பேசி முடித்த பின் நாம் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன், பாகலூர் சாலையில், இருள் கவிந்த நேரத்தில், எதிரே மிதிவண்டியில் பால் கேனோடு வந்த ஒருவர் நம் விளக்கின் வீச்சில் கண் கூசிப் பள்ளத்தில் இறங்கினார். சிறிது தூரம் கடந்து நிறுத்தினோம். கண்ணாடியில் பார்த்தோம். அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. பால் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. அடிபடவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு போய்விட்டோம். 'என் விளக்கா?' என்று கேட்க இறங்கவில்லை. வீட்டிலும் இதைச் சொன்னதில்லை. அன்றிரவு மருமகனிடம் சொன்னோம்.

"தேடிப் பார்ப்போம், மாமா" என்றான்.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அது எழும் நாளில் நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் கையில் கோலேந்தி அந்தத் தரையில் நிற்பார்களோ என்ற நினைவு, அவனோடு மறுநாள் காலை பாகலூர் பால் சங்கத்தின் வாசலில் நின்றபோது நமக்கு எழுந்தது. நான்கு பேரை விசாரித்தோம். மூவர் உதட்டைப் பிதுக்கினர். நான்காமவர், தோளில் துண்டு போட்ட முதியவர், யோசித்துவிட்டு, "ஓ, அந்தக் காரு வெளிச்சத்திலே விழுந்த ஆளா? இப்போ சைக்கிளை விட்டுட்டாருங்க. பகல்லேயே லைட்டு எரியுமே, அந்த மாதிரி வண்டி வாங்கியிருக்காரு. சாயங்காலப் பால் கறந்ததும் வருவாரு, வாங்க" என்றார்.

மாலையில் மீண்டும் சென்றோம். வெளிச்சம் இருக்கும்போதே.