இரண்டு சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு

கொங்கு நாட்டு மளிகைக் கடைகளில் 25 கிலோ அரிசி மூட்டைக்குச் சிப்பம் என்று பேர். கடைப் பையன் ஒரு சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறிவிடுவான். இரண்டையும் சேர்த்துத் தூக்கச் சொன்னால் முறைப்பான். 2024இல் பொள்ளாச்சிப் பாட்டி ஒருவர், 82 வயதில், கோவையில் நடந்த பளுதூக்கும் போட்டியில் 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார். சரியாக இரண்டு சிப்பம். செய்தித்தாள்கள் படத்தோடு போட்டன, ஊரே பேசியது.

உலகக் குத்துச்சண்டையில் ஆறு தங்கம் வாங்கிய மேரி கோமின் எடை, அந்த ஆறு முறையும், இரண்டு சிப்பத்துக்குக் குறைவு. பாட்டி நினைத்திருந்தால் அவரையே தூக்கி இறக்கியிருக்கலாம்.

வேடிக்கைதான். ஆனால் மேரி கோமின் வாழ்க்கையைப் பதக்க எண்ணிக்கையை வைத்துச் சொல்வதைவிட, தராசை வைத்துச் சொன்னால் நன்றாக விளங்குகிறது. பருத்தி, நூல், மஞ்சள், கொப்பரை என்று காலையிலிருந்து எதையாவது நிறுத்துக்கொண்டே இருக்கும் கோவை, ஈரோடு, பெருந்துறைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

மணிப்பூரின் காங்கத்தேய் கிராமத்தில், பிறர் நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர் மாங்தே சுங்னேய்ஜாங். மேரி என்பது பிறகு சேர்ந்த பெயர். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். தடகளத்தில் ஓடிக்கொண்டிருந்த சிறுமிக்கு அதன் பிறகு கையுறை மீதுதான் கண். இம்பாலுக்குப் போய், வீட்டுக்குச் சொல்லாமலே பயிற்சியில் சேர்ந்தார். 2000இல் மாநிலப் பட்டம் வென்ற படம் நாளிதழில் வந்த பிறகுதான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. இத்தனைக்கும் அவர் இளமையில் மல்யுத்தம் செய்தவர். முகத்தில் அடிபட்டால் நாளைக்குக் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது அவர் கவலை.

நம் பக்கத்து வீட்டுத் திண்ணையாக இருந்தால், “ஏஞ் சாமி, மூக்கு ஒடஞ்ச புள்ளைய எவனுங்க கட்டிக்குவான்?” என்று இதையே கேட்டிருப்பார்கள். இங்கே பலர் பெண் குத்துச்சண்டையை முதலில் பார்த்ததே 2016இல் ‘இறுதிச்சுற்று’ படத்தில்தான்.

ஆனால் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே மேரி கோம் தமிழ்நாட்டுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார். பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் சென்னையில்தான் நடந்தது. அதில் அவருக்குத் தங்கம். அதே வருடக் கடைசியில் அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் முதல் உலகப் போட்டி. 48 கிலோவில் வெள்ளி. பிறகு 2002இல் 45 கிலோவில் தங்கம்; 2005, 2006, 2008 மூன்றிலும் 46 கிலோவில் தங்கம்; 2010இல் மறுபடி 48 கிலோவில் தங்கம். நடுவே 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். 2006, 2008, 2010 மூன்று இறுதிப் போட்டியிலும் எதிரே நின்றவர் ருமேனியாவின் ஸ்டெலூட்டா டூட்டா. மூன்று முறை ஒரே ஆளிடம் வெள்ளியோடு திரும்பிய டூட்டாவைப் பற்றியும் யாராவது ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

இதற்குப் பிறகுதான் தராசு சிக்கல் பண்ணியது. 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. மூன்றே எடைப் பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. 46லும் 48லும் உலகத்தையே ஆண்டவருக்கு அங்கே இடமில்லை. போக வேண்டுமானால் 51க்கு ஏற வேண்டும்.

மூன்று கிலோ ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். தீபாவளிப் பலகாரத்தில் ஏறிவிடுகிற எடையல்லவா? ஆனால் குத்துச்சண்டையில் அப்படி ஏறிய கொழுப்பு வெறும் சுமை, காலைத்தான் மந்தமாக்கும். தசையாக ஏற வேண்டும், வேகமும் குறையக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல், எதிரே வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. 54 கிலோக்காரர்களுக்கும் லண்டனில் பிரிவு இல்லாததால், அவர்களில் சிலர் இளைத்து 51க்கு இறங்கினார்கள். கீழிருந்து ஏறியவரும் மேலிருந்து இறங்கியவரும் ஒரே மேடையில் சந்தித்தால் யாருக்கு எலும்பு கனம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு உதாரணத்தை வெளியில் தேட வேண்டாம். 2008இல் சீனாவின் நிங்போ நகரில் மேரி கோம் 46 கிலோவில் தங்கம் வாங்கிய அதே போட்டியில், 54 கிலோ இறுதிச் சண்டை போலந்தின் கரோலினா மிகால்சுக்குக்கும் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸுக்கும் நடந்தது. மிகால்சுக் வென்றார். அன்றைக்கு அந்த இருவருக்கும் மேரி கோமுக்கும் நடுவே எட்டு கிலோ வித்தியாசம். நான்கு வருடம் கழித்து லண்டனில் மேரி கோம் சந்தித்த முதல் ஆள் மிகால்சுக், கடைசி ஆள் ஆடம்ஸ்.

ஆகஸ்ட் 5 அன்று மிகால்சுக்கை 19-14 என்று வீழ்த்தினார். அன்றைக்குத்தான் ஊரில் அவருடைய இரட்டையருக்கு ஐந்தாவது பிறந்தநாள். அடுத்து துனிசியாவின் மரூவா ரஹாலியை 15-6. அரையிறுதியில் ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலத்தோடு நின்றார். ஆடம்ஸ் தங்கத்துக்குப் போனார். ஆறு உலகத் தங்கத்தையும் ஒரு தட்டிலும் இந்த ஒற்றை வெண்கலத்தை இன்னொரு தட்டிலும் வைத்தால், வெண்கலம் இருக்கும் தட்டுதான் தாழும் என்பது இந்தக் கட்டுரைக்காரரின் கட்சி.

ஆறாவது தங்கம் வந்தது 2018இல். 2013இல் மூன்றாவது மகன் பிறந்து, 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 51 கிலோவில் தங்கம் வாங்கி, 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போய், மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் ஆன பிறகு. அந்த 2018 செப்டம்பரில் போலந்துக்கு ஒரு போட்டிக்குப் போனவர் இறங்கியது அதிகாலை மூன்று, மூன்றரை மணிக்கு. ஏழரைக்கு எடை பார்ப்பார்கள். அவர் இறங்க வேண்டியது 48 கிலோ பிரிவில், உடம்பில் இரண்டு கிலோ அதிகம். ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டிக் குதித்து அதைக் குறைத்தார். தங்கத்தோடுதான் திரும்பினார்.

இது என்ன மாயம் என்று கோவையின் நூற்பாலைக்காரரைக் கேட்டால் சிரிப்பார். பருத்தி நூல் விற்பது எடைக்கு. காய்ந்த நூறு கிலோ பருத்தியில் எட்டரை கிலோ ஈரம் இருக்கலாம் என்பது வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு. மில் சூட்டில் நூல் காய்ந்துபோனால் எடை குறையும், காசும் குறையும். அதனால் நீராவி காட்டி ஈரத்தை ஏற்றிய பிறகே பெட்டி கட்டுவார்கள். வீராங்கனை அதையே தலைகீழாகச் செய்கிறார். நான்கு மணி நேரத்தில் கொழுப்பு கரையாது, தண்ணீர்தான் வெளியேறும். அப்படிக் காய்ந்த உடம்போடு மேடையேறி அடி வாங்கவும் வேண்டும். 2024 பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டி அன்று காலையில் 50 கிலோவுக்கு மேல் வெறும் நூறு கிராம் இருந்தார் என்று விலக்கப்பட்டபோது நாடே தராசைத் திட்டியது. நூறு கிராம் என்றால் அரை டம்ளர் தண்ணீர்.

2018 நவம்பரில் டெல்லியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று வென்று ஆறாவது உலகத் தங்கத்தை வாங்கினார் மேரி கோம். எடை 48 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக் வந்தது, மறுபடி 51. இந்த முறை கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் மேரி கோமுக்கே பெரும்பான்மை நடுவர்கள் ஓட்டுப் போட்டார்கள். முதல் சுற்றில் போன 1-4 கணக்குதான் கவிழ்த்தது, மொத்தத்தில் 2-3. தோற்றதே தெரியாமல் மேடையை விட்டு இறங்கினார்.

2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் 48 கிலோவில் இன்னொரு இந்தியப் பெண் உலகச் சாம்பியன் ஆனார். மீனாட்சி ஹூடா. பெயரைக் கேட்டால் மதுரைப் பெண் என்று தோன்றும், ஹரியானாக்காரர். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு 48 கிலோ பிரிவு இதுவரை வந்ததில்லை. அந்த மேடை வேண்டுமென்றால், மீனாட்சியும் சோற்றுத் தட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் மூன்று கிலோவைத் தேடிப் புறப்பட வேண்டியதுதான்.