எல் பாசோ: ஆறு தாவிய ஊர்

ஹைதராபாத்தில் மேப் டிஜிட்டைஸ் செய்யும் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. போகாத ஊர்களின் தெருவெல்லாம் அத்துப்படி. அதில் மனசை விட்டுப் போகாதது எல் பாசோ. டெக்ஸாஸில், ரியோ கிராண்டே கரையில் இருக்கிறது. அக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ்.

அமெரிக்கர்கள் பழைய நில அளவைத் தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். (நம் நாட்டில் எல்லை, கடலோரத் தாள்களுக்கு ரொம்ப நாள் கட்டுப்பாடு இருந்தது. 2021ல்தான் விதிகள் நன்றாகத் தளர்ந்தன. அதுவரை நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு எல் பாசோ கிடைக்கும், சொந்த ஊர் கிடைக்காது!)

1848 ஒப்பந்தப்படி ஆறுதான் எல்லை. ஆனால் 1950களின் வரைபடத்தில் ஓரிடத்தில் எல்லைக்கோடு ஆற்றை விட்டு வடக்கே ஏறி, சுற்றிக்கொண்டு திரும்ப வந்து சேர்கிறது. அதற்குள் இருப்பது மெக்சிகோ. பெயர் கோர்டோவா தீவு, சுற்றிலும் தண்ணீர் கிடையாது. வெள்ளத்துக்குப் பயந்து 1899ல் ஆற்றின் வளைவை நேராக வெட்டியபோது வடகரையில் மாட்டிக்கொண்ட நிலம் அது.

பக்கத்திலேயே சமிசால். அங்கேதான் நூறு வருஷச் சண்டை. ஆறு தெற்கே நகர்ந்துகொண்டே போனது, 1864 வெள்ளத்தில் ஒரே தாவாகத் தாவியது. மெதுவாக அரித்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று தாவினால் பழைய இடத்திலேயே நிற்கும் என்பது விதி. வக்கீல்களுக்கு வேறென்ன வேண்டும்? 1864 வெள்ளத்துக்கு முந்தைய ஆற்றுத்தடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று 1911ல் நடுவர் குழு சொன்னது. அந்தத் தடத்தை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்று அமெரிக்கா மறுத்துவிட்டது. பழைய தடம் தேடியே சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும்.

கென்னடி காலத்தில், 1963ல், ஒருவழியாக உடன்பாடு. 437 ஏக்கர் மெக்சிகோவுக்கு. கோர்டோவா தீவின் வடபகுதி அமெரிக்காவுக்கு. 1968 டிசம்பரில் ஆற்றைப் புதிய கான்க்ரீட் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். சண்டையில்லாமல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஆற்றின் வடகரையில் இருந்த தெருக்கள் இப்போது தென்கரையில் விழுகின்றன. தெருக்கள் இல்லை, பூங்கா இருக்கிறது. அங்கே இருந்த சுமார் 5,600 பேர் வீட்டைக் காலி செய்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். மெக்சிகோவுக்கு நிலம் கொடுப்பதற்காக, அவர்கள் எழுந்து வேறிடம் போக வேண்டியிருந்தது.