கூச் பாலத்துக் கல்

பால்டிமோரிலிருந்து பிலடெல்பியா போகும் ஐ-95 நெடுஞ்சாலையில், டெலவேர் மாநில எல்லை தாண்டியதும் நியூஆர்க் ஊருக்குப் பிரியும் வழி வருகிறது. அதில் இறங்கிப் பழைய பால்டிமோர் சாலையைப் பிடித்தால், கிறிஸ்டினா ஆற்றின் மேல் ஒரு சிறு பாலம். அருகே, 1901-இல் நாட்டிய கருங்கல் நினைவுச்சின்னம். காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன்.

இதுதான் கூச் பாலம். அமெரிக்க விடுதலைப் போரில் டெலவேர் மண்ணில் நடந்த ஒரே சண்டை இங்கே, 1777 செப்டம்பர் 3 அன்று நடந்தது.

நியூயார்க்கிலிருந்து கடல்வழியே வந்த ஆங்கிலத் தளபதி ஹோவின் படை, ஆகஸ்ட் 25 அன்று அருகிலுள்ள மேரிலாந்துக் கரையில் இறங்கியிருந்தது. அதன் குறி பிலடெல்பியா. குறிபார்த்துச் சுடுவதில் பெயர்பெற்ற மார்கனின் வீரர்களை அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் ஏற்கெனவே வடக்கே அனுப்பிவிட்டார். அந்த இடத்தை நிரப்ப, படைப்பிரிவுக்கு 100 பேர் வீதம் பொறுக்கியெடுத்து, வில்லியம் மாக்ஸ்வெல் தலைமையில் அவசரமாக ஓர் அணி திரட்டினார். அவர்கள்தான் இந்தச் சாலையோர மரங்களுக்குள் பதுங்கியிருந்தார்கள். எதிரில் முன்னணியாக வந்தவர்கள், மன்னர் ஜார்ஜ் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியர்கள். முதல் வேட்டிலேயே அவர்களில் சிலர் சாய்ந்தார்கள். மரத்துக்கு மரம் பின்வாங்கியபடி மாக்ஸ்வெல்லின் ஆட்கள் சுட்டார்கள். தோட்டா தீர்ந்தபோது துப்பாக்கி ஈட்டியும் வாளும் பேசின. கடைசியில் பாலத்தைக் கடந்து அவர்கள் ஓட வேண்டியதாயிற்று.

அமெரிக்க நட்சத்திரக் கொடி போர்க்களத்தில் முதன்முதலாகப் பறந்தது இங்கேதான் என்று கல் சொல்கிறது. ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. போதிய சான்று இல்லை என்கிறார்கள். எனக்கு அந்தக் கொடியைவிட முக்கியமாகப் பட்டது வேறு. அன்று மடிந்த அமெரிக்கர்கள் 20 பேருக்கு மேல். இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் புதைக்கப்பட்டார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. ஐயத்துக்குரிய கொடிக்குக் கருங்கல் இருக்கிறது, ஐயமே இல்லாத சாவுகளுக்குக் கல்லறை இல்லை. அது என்னை வருத்தியது.

பக்கத்தில் கூச் குடும்பத்தின் வீடு இன்றும் நிற்கிறது. சண்டைக்குப் பின் அதில் தங்கிய ஆங்கிலத் தளபதியின் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: கார்ன்வாலிஸ். சில நாள் கழித்துப் புறப்படும்போது அவர் படை கூச்சின் மாவு ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனது. 1781-இல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த அதே மனிதர், 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவின் ஆட்சிப்பரப்பில் பாதியைப் பறித்தார். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது அப்படித்தான். அவருக்கு அழகிய பளிங்குச் சிலையே சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வழியாகக் காரில் போகிறவர்கள் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கல்லை வாசித்ததும் திரும்பிவிடாமல், சாலைக்கு இருபுறமும் உள்ள வயலோரம் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். இறந்தவர்கள் அங்கேதான் எங்கோ இருக்கிறார்கள்.