மன்னார்க் கரையில் ஒரு நூற்பந்து

சகோதரிகளே, மன்னார் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? சிலருக்கு மடு மாதா, சிலருக்குத் திருக்கேதீச்சரம், சிலருக்குப் பேசாலைக் கருவாடு, வேறு சிலருக்கு வீதியில் உலாவும் கழுதைகள். தலைமன்னாரில் இருந்து இருட்டில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர்களும் உங்களில் இருப்பீர்கள். எனக்கோ இப்பொழுது மன்னார் என்றால் ஒரு குழந்தைத் தொப்பிதான் நினைவுக்கு வருகிறது. நிவாரண அரிசிச் சாக்கின் வாயைத் தைத்திருந்த நூலினால் பின்னிய தொப்பி அது.

கடந்த மாசி மாதம், வீட்டிலிருந்து கைப்பணி செய்யும் பெண்களைச் சந்தித்து விபரம் எடுப்பதற்காக மூன்று நாட்கள் மன்னார்த் தீவுக்குப் போயிருந்தேன். வவுனியாவில் விடிய பஸ் ஏறினேன். செட்டிகுளம் பகுதியைக் கடக்கும்போது பக்கத்தில் இருந்த அம்மா யன்னல் வழியே காட்டைப் பார்த்து, "இதுக்குள்ளதான் மூண்டு வருசம் இருந்தம்" என்றார். 2009இல் இலட்சக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்த மெனிக் பாம் முகாம் இருந்த பகுதி அது. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டுவிட்டது. அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முருங்கன் வயல்வெளிகள் முடிந்து திருக்கேதீச்சரச் சந்தியைத் தாண்டினால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற கடல். தூரத்தில் பறவைக் கூட்டங்கள். 2010இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் கோட்டை தெரிகிறது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. இங்கிருந்து தலைமன்னார் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய மணல் தீவு. பனையும் உடைமுள்ளும் கடலும்தான் எங்கும்.

நகரத்துக் கடையொன்றில் குறோசேயினால் பின்னிய குழந்தைத் தொப்பிகள் தொங்கின. ஒன்றின் விலை 1,800 ரூபா. எனக்கு முன்னால் நின்ற பெண், "நூல்தானே, ஏன் இவ்வளவு விலை? மெசினில எவ்வளவு மலிவா அடிக்கலாம்" என்று பேரம் பேசினார். அப்போது நானும் அது சரிதான் என்றே எண்ணினேன். ஆனால், அது சரியல்ல. இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலை இயந்திரம் செய்துவிடும். ஒரே ஒரு கொக்கி ஊசியால் ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துப் போடும் குறோசேயைச் சரியாகச் செய்யும் இயந்திரம் இன்னும் பாவனைக்கு வரவில்லை. அதைப்போலத் தோன்றும் துணிகளைத்தான் இயந்திரம் நெய்கிறது. உண்மையான குறோசேத் தொப்பி எந்தக் கடையில் தொங்கினாலும், அதை எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார்.

முதல் நாள் எருக்கலம்பிட்டிக்குப் போனேன். பெண்கள் பன்னோலைப் பாய் இழைக்கும் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊரும் ஒரேயடியாக வெறுமையானது. பலர் புத்தளம் பக்கம் போய் அகதிகளாக வாழ்ந்தார்கள். போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"வாங்க மகள், இரிங்க" என்று பாயை விரித்த உம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மடியில் வெள்ளைப் பருத்தி நூற்பந்து. பேரனுக்குத் தொழுகைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். தொப்பியின் உச்சியில் ஒரு சிறு வளையத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்களைக் கூட்டிக்கொண்டே வந்து, தலையின் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் தொப்பி தானாகக் கீழ்நோக்கி வளைகிறது. அளவுநாடா இல்லை, எழுதிய கணக்கும் இல்லை. எல்லாம் விரலிலேயே இருக்கிறது.

"பாய் இழைக்க நம்ம ஊர்ல படிச்சேன். இத புத்தளத்துல, முகாம்ல இருந்த ஒரு புள்ளட்ட படிச்சேன். ஓலைக்கு மரம் வேணும், காணி வேணும். அகதிக்கு மரம் ஏது மகள்? நூல்பந்தெண்டா பையில போட்டுட்டு எங்கயும் போகலாம்" என்றார்.

இடம்பெயர்ந்தவர்களின் கையில் இந்தக் கலை ஏன் தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அயர்லாந்திலும் இப்படித்தான் நடந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயினால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, அங்கே கன்னியர் மடங்களும் ஊர்ப் பெண்களும் குறோசேயைக் கற்றுக்கொடுத்தார்கள். கோர்க், குளோனிஸ் போன்ற ஊர்களில் பின்னிய லேஸ்கள் கடல் கடந்து விற்பனையாகிப் பல குடும்பங்களின் பட்டினியைத் தணித்தன. அதற்கும் வேண்டியிருந்தவை ஒரு கொக்கியும் கொஞ்ச நூலும்தான்.

இரண்டாம் நாள் பேசாலை. கடற்கரையில் வலைகள் குவியலாகக் கிடந்தன. தெற்குப் பக்கம் பார்த்தால், 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்கள் கரையோரமாக வரிசையாக நிற்கின்றன. நான் தேடிப்போன அக்கா வலை பொத்திக்கொண்டிருந்தார். சொந்த ஊர் விடத்தல்தீவு. 2008இல் இடம்பெயர்ந்து வன்னி முழுவதும் அலைந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாமுக்கு வந்தவர். கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இப்போது தமக்கையின் வீட்டருகே இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறார். திருமுழுக்குக்குக் குழந்தைகள் அணியும் தொப்பி, கோயில் பீடத் துணிக்குக் கரை, பரிசுக்கான சிறு பைகள் எல்லாம் பின்னுவார்.

நான் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். "தொழில்" என்ற கட்டத்தில் "நிரந்தரத் தொழில் இல்லை" என்றும், குறிப்பில் "ஓய்வு நேரத்தில் குறோசே பின்னுவார்" என்றும் எழுதினேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"ஓய்வு நேரமோ? பிள்ளை, விடிய நாலு மணிக்கு எழும்பி அப்பம் சுடுறன். பிள்ளையளை அனுப்பிப்போட்டு வலை பொத்த வாறன். மத்தியானம் கருவாடு காயப்போடுறன். இரவு எட்டு மணிக்குப் பிறகு இருந்து பின்னுறன். எனக்கு ஓய்வு எப்ப வந்ததெண்டு நீங்களே சொல்லுங்கோ."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மரியா மீஸ் என்ற ஆய்வாளர் ஆந்திராவின் நர்சாபூர் லேஸ் பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூலைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுச் சந்தைக்கு நாள் முழுவதும் குறோசே லேஸ் பின்னிய பெண்களை, "வீட்டில் சும்மா இருப்பவர்கள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்" என்று எல்லோரும் கருதினார்கள். கூலி அற்பமாக இருந்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம் என்பதே அவருடைய வாதம். புள்ளி வாங்கிய பாடத்தை நானே மறந்து, அதே சொல்லை என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த வரியை வெட்டி, "தொழில்: குறோசே பின்னுதல், வலை திருத்துதல், அப்பம் சுடுதல்" என்று எழுதினேன்.

பிறகு இருவரும் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். ஒரு தொப்பிக்கு நூல் 450 ரூபா. பின்னி முடிக்கப் பத்து மணித்தியாலம். கடைக்காரர் கொடுப்பது 800 ரூபா. மிச்சம் 350. மணித்தியாலத்துக்கு 35 ரூபா! "ஒரு பிளேன்ரீ குடிக்கவும் காணாது" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் நெடுநேரம் அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் அக்கா விடாமல் பின்னுறீங்கள்?" என்று கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தத் தொப்பியின் கதையைச் சொன்னார்.

மெனிக் பாமில் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு எப்படிப் போவது? கையில் எதுவும் இல்லை. நிவாரண அரிசிச் சாக்கின் வாயைத் தைத்த நூலைக் கவனித்திருப்பீர்கள். சங்கிலி போன்ற தையல் அது. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் முழுவதும் கழன்று வந்துவிடும். அக்கா சமையற் கொட்டிலில் சாக்குகள் திறக்கும் இடத்துக்குப் போய் நூல்களைக் கேட்டு வாங்கி, கழுவி, முடிச்சுப் போட்டு ஒரு பந்தாக்கினார். சைக்கிள் சக்கரக் கம்பியொன்றைக் கல்லில் தேய்த்துக் கொக்கியாக்கினார். நாலு நாளில் தொப்பி முடிந்தது.

"கண் எண்ணிக்கொண்டிருக்கேக்க வேற எண்ணம் வராது. ஒண்டு, ரண்டு, மூண்டு... வரிசை முடிஞ்சா எல்லாம் திரும்ப வரும். அவரைப் பற்றின கவலை இதால தீராது பிள்ளை. ஆனால், அந்தக் கொஞ்ச நேரம் என்ர கை எனக்குச் சொந்தமா இருந்தது" என்றார்.

அந்தத் தாயும் இப்போது அதே ஊரில்தான் இருக்கிறார். அக்கா ஆளனுப்ப, அவர் அலுமாரியில் இருந்த தொப்பியை எடுத்துவந்து காட்டினார். பழுப்பேறிய வெள்ளை நிறம், இடையிடையே முடிச்சுகள். அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதை அடைந்துவிட்டான். "இதுக்கு என்ன விலை போடுவீங்கள்?" என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் தலைமன்னார் இறங்குதுறையடியில் சற்று நேரம் இருந்தேன். 1914இல் இந்தியாவுக்குக் கப்பல் சேவை தொடங்கிய இடம். எதிரே கடல். அங்கே இருந்தபோதுதான் அக்கா கேட்ட கேள்வி எனக்குத் தெளிவானது. பரிசாகப் பின்னும் தொப்பிக்கு விலையில்லை. விற்பதற்குப் பின்னும் தொப்பிக்கு விலை உண்டு. இரண்டும் ஒரே நூல், ஒரே கொக்கி என்பதால் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அன்பாகக் கொடுத்துப் பழகிய கை, விற்கும்போதும் கூச்சப்பட்டுக் குறைத்துக் கேட்கிறது. வாங்குபவர்களும் அந்தக் கூச்சத்தைத் தெரிந்தே பேரம் பேசுகிறார்கள்.

வவுனியா திரும்பி இரண்டு மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் பேசினார். தொப்பிக்கு 1,500 ரூபா என்று விலை வைத்தாராம். கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். மாதம் ஆறு தொப்பி போன இடத்தில், திருமுழுக்குக்கு என்று வீடு தேடி வருபவர்களுக்கு இரண்டுதான் போகிறது. எனக்குக் கவலையாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு இருந்ததையும் இழந்துவிட்டாரோ?

"கணக்குப் போட்டுப் பாருங்கோ பிள்ளை" என்றார். போட்டுப் பார்த்தேன். முன்பு ஆறு தொப்பிக்கு மிச்சம் 2,100 ரூபா. இப்போது இரண்டு தொப்பிக்கு மிச்சமும் 2,100 ரூபா. அறுபது மணித்தியாலம் பின்னிய இடத்தில் இருபது.

"அந்த நாற்பது மணித்தியாலத்தில என்ன செய்தனீங்கள் அக்கா?"

"நல்லா நித்திரை கொண்டன். மிச்சத்தில அக்கான்ர பேத்திக்கு ஒரு சட்டை பின்னுறன். அதுக்குக் கணக்கு எழுதேல்லை."

சகோதரிகளே, எல்லோருக்கும் கணக்கு இப்படிச் சமமாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு அந்த 800 ரூபாவை விட முடியாத நிலை இருக்கும். ஆயினும், உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கொப்பி இருக்கும். அடுத்த முறை நூற்பந்தைக் கையில் எடுக்கும்போது, இது விற்பனைக்கா, பரிசுக்கா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு என்றால் நூலின் விலை, பஸ் காசு, இருந்து பின்னிய மணித்தியாலம் மூன்றையும் எழுதுங்கள். விலை சொல்லும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பரிசுக்கு என்றால் கொப்பியை மூடிவிட்டு, உங்களுக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த வேகத்தில் பின்னுங்கள். யாராவது படிவத்தோடு வந்து "தொழில்" என்று கேட்டால், என்ன எழுதுகிறார்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.