மணி 3:45ஆ, 9:15ஆ?

மும்பையில் பொட்டி தட்ட வந்து பல வருஷம் ஓடிவிட்டது. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர்ல' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஆனால் இந்த ஒரு ஆணியை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியே ஆகணும். ஏன்னா, இதில் ஒரு பையனின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இருப்பது ஒரு பங்குத் தரகு கம்பெனி. எக்ஸ்சேஞ்சிலிருந்து பங்கு விலைகள் தனி லைனில், யுடிபி முறையில் வந்து கொட்டும். யுடிபி என்பது போஸ்ட் கார்டு மாதிரி. போட்டவன் போட்டுவிட்டுப் போய்விடுவான், வந்து சேர்ந்ததா என்று கேட்க மாட்டான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் இருக்கும். நடுவில் எண் விட்டுப்போனால் ஏதோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

காலை 9:15க்குச் சந்தை திறந்ததும் தினமும் மூன்று நான்கு நிமிஷம் எண்கள் விட்டுப்போக ஆரம்பித்தன. டீலர்கள் ஒரே கூச்சல். லைன்காரர் 'எங்க பக்கம் கிளீன்' என்றார். சர்வர் டீமும் 9:15க்கு லாகில் ஒன்றுமே இல்லை, 'எங்க பக்கமும் கிளீன்' என்றது. மிச்சம் இருந்தது, சர்வர் ரூமில் கேபிள் பார்க்கும் காண்ட்ராக்ட் பையன். சாத்தாராக்காரன். காலை ஒன்பது மணிக்கு ரேக்குகளைச் சுற்றிப் பார்ப்பது அவன் வேலை. அது போதாதா? 'திங்கட்கிழமையிலேர்ந்து வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க' என்று மேனேஜர் மெயில் தட்டிவிட்டார். பையன் என்னிடம் வந்து, "சார், மைனே ஹாத் பீ நஹீ லகாயா" என்றான். கையே வைக்கலையாம்.

அன்று செவ்வாய். சாயங்காலம் உட்கார்ந்தேன்.

சிஸ்லாக் 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய சமாச்சாரம். இன்றைக்கு ஸ்விட்ச், ஃபயர்வால், லினக்ஸ் எல்லாம் பேசும் பாஷை. ஒரு பழைய மெஷினில் ஆர்சிஸ்லாக் போட்டு எல்லாவற்றையும் அதற்கே அனுப்பச் சொன்னேன். ஸ்விட்சும் ஃபயர்வாலும் யுடிபி 514இல். சர்வரை மட்டும் டிசிபியில். தொலைகிற தபாலைப் பற்றிய புகாரையும் தபாலிலேயே போடுவானேன் :-) எல்லாக் கடிகாரங்களையும் என்டிபி வைத்து ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.

முக்கியமானது நேரத்தை எழுதும் விதம். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் பழைய வடிவத்தில் மாதம், தேதி, மணி மட்டும்தான். வருஷமும் இல்லை, டைம் ஸோனும் இல்லை. 2009இன் 5424இல் இரண்டும் உண்டு, நொடியின் பின்னமும் உண்டு. முழு நேரமும் ஸோனோடு வரும்படி மாற்றினேன்.

இன்னொரு விஷயம். நிரம்பிய பஃபரில் இடமில்லாமல் லினக்ஸ் கெர்னல் யுடிபி பாக்கெட்டைத் தூக்கிப்போட்டால் அதை லாகில் எழுதாது. எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையை நொடிக்கொரு தரம் படித்து லாகில் எழுத நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டேன்.

கடைசியாக, உபயோகத்தில் இல்லாத ஒரு கேபிளை அந்தப் பையனையே பிடுங்கச் சொன்னேன். 'லிங்க் டவுன்' என்று உடனே ஒரு வரி வந்து விழுந்தது. இனி ஸ்விட்ச் சும்மா இருந்தால், நிஜமாகவே யாரும் கேபிளைப் பிடுங்கவில்லை என்று சொல்லலாம்.

புதன் காலை 9:15. ஸ்விட்சிலிருந்து ஒரு வரியும் இல்லை. ஃபயர்வாலும் அமைதி. சர்வரில் மட்டும் பஃபர் பிழை எண்ணிக்கை எகிறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கிரான் எழுதிய ஒரு வரி: பேக்கப்பைச் சுருக்கும் வேலை ஆரம்பம், நேரம் 03:45:01, ஸோன் +00:00.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்க. 9:15:01!

பழைய சர்வர் இந்திய நேரத்தில் ஓடியது. புதிதாக மாற்றிய சர்வர் யுடிசியில். விடிகாலை 3:45க்கு என்று போட்டிருந்த வேலையை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டார்கள். ஊர் தூங்கும்போது ஓட வேண்டியது, சந்தை திறக்கும் நொடியில் ஓடி சிபியூவையும் டிஸ்க்கையும் தின்றது. விலைகளை வாங்கும் புரோகிராமுக்கு அள்ள நேரமில்லை. பஃபர் நிரம்பி வழிந்தது. இந்த வரி சர்வரின் சொந்த லாகிலும் தினமும் இருந்ததுதான். ஆனால் ஸோன் இல்லாமல் 03:45 என்று இருந்தது. 9:15ஐத் தேடியவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

வேலையை 22:15 யுடிசிக்கு மாற்றினோம். வியாழன் காலை ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை.

மேனேஜர் அந்த மெயிலை ரத்து செய்தார். பையனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல ஒன்பது மணிக்கு ரேக்குகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

உங்க ஆபீஸில் யாராவது 'எங்க பக்கம் கிளீன்' என்று சொன்னால் உடனே ஆளைத் தேடாதீங்க மக்களே. எந்த ஊர் மணிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்க.